வீட்டுக் குட்டைக்குக் காக்கையும் மைனாவும்தான் வருது, மற்ற பறவைகள் வர என்ன செய்யணும்?

தோப்புவீடு:
பொள்ளாச்சிப் பக்கம், தென்னந்தோப்பு ஓரம் வீடு. கொல்லையில் 12க்கு 8 அடி சிமெண்ட் குட்டை. ஆழம் இரண்டரை அடி, சுவர் நேர்குத்து, உள்ளே நீல டைல்ஸ். அல்லி இரண்டு செடி, கப்பி மீன் நிறைய. சுற்றிலும் ஒட்ட வெட்டிய புல், செம்பருத்தி வேலி 30 அடி தள்ளி. காலையில் குட்டை ஓரமாக மிச்சச் சோறு போடுகிறோம்.

வருவது காக்கை, மைனா, தவிட்டுக்குருவி மட்டும். ஒரு மீன்கொத்தி அவ்வப்போது வந்து மீனைத் தூக்குகிறது. வீட்டில் குட்டைக்கு மேல் வலை கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

இரண்டு பறவைகள் பெயர் வேண்டும். ஒன்று குட்டைச் சுவர் மேல் ஓடும். கறுப்பு வெள்ளை, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு, வால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும், வருஷம் பூராவும் இருக்கிறது. இன்னொன்றைப் பார்த்ததே இல்லை. மழை நாளில் ராத்திரி வாய்க்கால் தாழம்புதரில் இருந்து "குர்ர்... குவக் குவக்" என்று மணிக்கணக்காகக் கத்தும்.

பைனாகுலர் வாங்க 10×50 சொல்கிறார்கள். சரிதானா?

நீர்க்கரை:
முதலில் சோற்றை நிறுத்துங்க. காக்கை கூட்டமாக நிற்கும் இடத்தில் சின்னான், தேன்சிட்டு, தையல்சிட்டு எதுவும் இறங்காது. காக்கை முட்டையையும் குஞ்சையும் தின்னும் என்று அதுகளுக்குத் தெரியும். சோறு எலியையும் சேர்த்துக் கூட்டி வரும். இரண்டு மூன்று வாரம் போடாமல் இருந்தாலே காக்கை நடமாட்டம் குறையும்.

அடுத்து, உங்களிடம் இருப்பது பறவைக்குக் குட்டை இல்லை, கிணறு. குளிக்க அதுக்கு வேண்டியது அரை அங்குலத்தில் தொடங்கி 2 அங்குலம் வரையான தண்ணீர், கால் வழுக்காத தரை. டைல்ஸ் சுவரில் நகம் பிடிக்காது. அணிலும் ஓணானும் விழுந்தால் ஏற முடியாமல் செத்துப்போகும்.

சுவரை இடிக்க வேண்டாம். ஒரு மூலையில் சரிவு வையுங்க:

பழைய சாக்கை நாலாக மடித்து அடியில் போடுங்க, டைல்ஸ் உடையாமல் இருக்கும். அதன் மேல் செங்கல் அடுக்கி, 3 அடி நீளம் 2 அடி அகலக் கடப்பாக் கல்லைச் சாய்த்து வையுங்க. சொரசொரப்பான பக்கம் மேலே. கல்லின் ஒரு முனை நிறைந்த தண்ணீர் மட்டத்தில், மறுமுனை 6 அங்குலம் கீழே. மேலே கூழாங்கல்லைக் கொஞ்சமாகப் பரப்புங்க.

படிக்கட்டு மாதிரி கட்டாமல் ஏன் சரிவு? ஏப்ரல் வெயிலில் தண்ணீர் வாரத்துக்கு ஒன்றரை அங்குலம் இறங்கினால் படி வறண்டு போகும், அடுத்த படி ஆழமாக இருக்கும். சரிவில் கரை 9 அங்குலம் உள்ளே நகரும், அவ்வளவுதான். எந்த மட்டத்திலும் ஒரு இடத்தில் 1 அங்குலத் தண்ணீர் கிடைக்கும்.

புதுசாகக் கான்கிரீட் பலகை வார்த்தால் இரண்டு வாரமாவது வேறு தொட்டியில் ஊறப் போட்டு, தண்ணீரை மூன்று நாலு முறை மாற்றிய பிறகே இறக்குங்க. இல்லையென்றால் சுண்ணாம்பு இறங்கி மீன் மொத்தமும் மிதக்கும்.

அடுத்தது சொட்டு. தேங்கிய தண்ணீர் பறவை கண்ணில் சட்டென்று படாது. சொட்டுகிற சத்தமும் அலையும் தூரத்தில் போகிறதையும் நிறுத்தும். மெடிக்கல் ஷாப்பில் புது சலைன் செட் ஒன்று வாங்கி 5 லிட்டர் கேனில் மாட்டி, சரிவுக்கு மேலே 3 அடி உயரத்தில் தொங்கவிடுங்க. உருளையைத் திருகி விநாடிக்கு ஒரு சொட்டு வையுங்க. 20 சொட்டு ஒரு மில்லி என்று கணக்கு, மணிக்கு 180 மில்லி, ஒரு கேன் ஒரு நாளைக்கு மேல் வரும். ஊசியை வெட்டி எறிந்துவிட்டு மாட்டுங்க. குழாயில் பாசி பிடித்தால் சொட்டு நின்றுவிடும், கறுப்பு டேப் சுற்றினால் பாசி குறையும்.

வேலி 30 அடி தள்ளி இருப்பதும் சரியில்லை. நனைந்த இறக்கையோடு அவ்வளவு தூரம் பறப்பதற்குள் வைரி என்கிற வேட்டைப் பறவை அடித்துவிடும். குட்டையில் இருந்து 8, 10 அடியில் வெட்சியோ செம்பருத்தியோ நாலு செடி வையுங்க. அதற்கும் கிட்டே வேண்டாம், பூனை பதுங்கும். புல்லில் 3 அடி அகலத்துக்கு ஒரு பட்டையை வெட்டாமல் விதை கட்ட விடுங்க, விதை தின்னும் சில்லைக் குருவிகள் தானாக வரும். மிச்சப் புல் ஒட்ட வெட்டியபடியே இருக்கட்டும், தரையில் பூச்சி பொறுக்கும் கொண்டலாத்திப் பறவைக்கு அதுதான் பிடிக்கும். கறையான் பொடி மட்டும் அங்கே தூவாதீங்க.

கரிச்சான்:
சுவர் மேல் ஓடுவது வெண்புருவ வாலாட்டி. வருஷம் முழுக்க இருக்கிறது என்று சொன்னதே போதும். செப்டம்பருக்கு மேல் வந்து ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போகும் சாம்பல் வாலாட்டிக்கு முதுகு சாம்பல், வாலடி மஞ்சள். உங்களுடையதற்குத் தலையும் மார்பும் முழுக் கறுப்பாக இருக்கும், மஞ்சள் துளியும் இருக்காது. இதை வண்ணாத்திக்குருவியோடு குழப்பிக்கொள்வார்கள். வண்ணாத்தி வாலைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்தும், அதற்குப் புருவக் கோடு கிடையாது.

ராத்திரிச் சத்தம் பெரும்பாலும் கானாங்கோழி. மேலே சிலேட்டுக் கறுப்பு, முகமும் மார்பும் சுத்த வெள்ளை, வாலுக்கு அடியில் செங்கல் நிறம். மழைக்காலம் இனப்பெருக்கக் காலம், அதனால்தான் விடாமல் கத்துகிறது. பார்க்க வேண்டுமானால் விடிந்த அரை மணி நேரத்தில் புதர் விளிம்பைப் பாருங்க. வாலைச் சுண்டிச் சுண்டி நடக்கும், பின்னாலேயே கரிக்கட்டை மாதிரிக் குஞ்சுகள் வரலாம். அந்தத் தாழம்புதரை "சுத்தம்" பண்ணிவிடாதீங்க, கூடு அதற்குள்தான் இருக்கும். யாராவது கண்ணி வைத்தால் சொல்லி நிறுத்துங்க, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

மீன்கொத்தி எது என்று சொல்லவில்லையே? மைனா அளவு, காப்பித்தூள் நிறத் தலை, வெள்ளை மார்பு, சிவப்பு அலகு என்றால் வெண்மார்பு மீன்கொத்தி. அது வெட்டுக்கிளி, ஓணான், நண்டு எல்லாம் தின்னும், உங்கள் குட்டையை நம்பி இல்லை. சிட்டுக்குருவி அளவில் அடிவயிறு ஆரஞ்சாக இருந்தால் சிறு மீன்கொத்தி, அதற்கு மீன்தான் முக்கியம்.

தண்ணீருக்கு மேலே 4 அடி உயரத்தில் பட்டுப்போன கொய்யாக் கிளை ஒன்றைச் சாய்த்து நடுங்க. கட்டைவிரல் தடிமன் போதும். எப்போது வந்தாலும் அதில்தான் உட்காரும், பிடித்த மீனை அதிலேயே அடித்துத் தின்னும். கிளைக்கு அடியில் ஒரு தட்டைக் கல் போட்டு வைத்தால், அது கக்கும் சிறு உருண்டைகள் கிடைக்கும். உடைத்துப் பார்த்தால் மீன் முள், வண்டு ஓடு, ஓணான் எலும்பு. என்ன தின்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

சாரை:
வலை கட்டுவதாக இருந்தால் இழுத்துக் கட்டின, விரல் நுழையாத கண் உள்ள வலை கட்டலாம், தப்பில்லை. கொசுவும் மட்டுப்படும்.

நீர்க்கரை:
@சாரை, ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் வாரம் இழுத்த மாதிரி இருக்கும், தென்னை மட்டை ஒன்று விழுந்தால் தொய்ந்துவிடும். தொய்ந்த நைலானில் பாய்கிற மீன்கொத்தி சிக்கும், தவளை தேடி வரும் சாரைப்பாம்பும் சிக்கும். கொசு அதற்குள் புகுந்து போகும். கொசுப் புழுவைத் தின்னக் கப்பியே போதும். மீன் இல்லாத மண்சட்டி, செடித் தட்டு இதெல்லாம்தான் ஆபத்து. வெயில் காலத்தில் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும், இரண்டு நாளுக்கு ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவணும்.

மீனைக் காப்பாற்ற ஒளிய இடம் கொடுத்தால் போதும். 4 அங்குல பிவிசி குழாயை ஒரு அடி நீளமாக வெட்டி, ஆறு ஏழு துண்டுகளைக் குட்டையின் தரையில் போடுங்க. அல்லி இலை பாதிப் பரப்பை மூடட்டும், அதற்கு மேல் போனால் அறுத்துவிடுங்க. கப்பி மாதம் ஒருமுறை குட்டி போடும் ஜாதி, ஒரு மீன்கொத்தி தின்று தீர்க்காது. பெருகினாலும் வாய்க்காலில் மட்டும் விட்டுவிடாதீங்க.

தோப்புவீடு:
வலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மீன்கொத்தி சிவப்பு அலகுதான். நேற்று ஒரு சின்னான் ஹால் கண்ணாடியில் மோதி விழுந்தது, கொஞ்ச நேரத்தில் பறந்துவிட்டது. பைனாகுலர் பற்றி யாரும் சொல்லவில்லையே?

கரிச்சான்:
8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) வாங்குங்க. 10×50 கனம், கை ஆட்டமும் பெரிதாகத் தெரியும், பார்வைப் பரப்பும் குறுகல். கடையில் ஒரு விஷயம் சோதியுங்க: உங்கள் காலடியில் இருந்து 2 மீட்டரில் கிடக்கும் சாவிக்கொத்து தெளிவாகத் தெரியணும். வீட்டுக் குட்டைக்கு அதுதான் முக்கியம், பல மாடல் 4 மீட்டருக்குக் குறைந்து ஃபோகஸ் ஆகாது.

காலையில் குட்டைக்குக் கிழக்கே 20 அடி தள்ளி உட்காருங்க, சூரியன் முதுகுக்குப் பின்னால். மேற்கே உட்கார்ந்தால் எல்லாமே கறுப்பு நிழல். முன்னால் பச்சை நிழல் வலையை இடுப்பளவு கட்டினால் கை அசைவு தெரியாது. இதுவும் வலைதான், காற்றில் ஆடாமல் நாலு மூலையும் கட்டுங்க. கோடையில் மத்தியானம் 12 முதல் 3 வரையும் பாருங்க, குளிக்க வருவது அப்போதுதான் அதிகம்.

ஈபேர்டில் (பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளம்) போடுவதானால் நகராமல் 15 நிமிடம், பார்த்த எல்லா இனமும். ஒரே மைனா ஐந்து முறை வந்தால் ஐந்து இல்லை. ஒரே சமயத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையைப் போடுங்க. மெர்லின் செயலி சத்தத்தை வைத்துச் சொல்லும் பெயரைக் கண்ணால் பார்க்காமல் சேர்க்க வேண்டாம், கரிச்சான் குருவியும் வண்ணாத்தியும் மற்ற பறவைகள் குரலைக் காப்பியடிக்கும்.

கண்ணாடிக்கு வெளிப்பக்கம் 2 அங்குல இடைவெளியில் வெள்ளைப் புள்ளி ஸ்டிக்கர், மேலிருந்து கீழ் வரை. ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டிப் பிரயோஜனம் இல்லை. மறுபடி ஏதாவது விழுந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் இருட்டாக ஒரு மணி நேரம் வைத்து வெளியே திறந்துவிடுங்க. வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க, மூச்சுக்குழாயில் போய்விடும்.