ஆசிரியர் இல்லாமல் நகைச்சுவைக் கோட்டோவியம் கற்றுத் தேற முடியுமா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறேன். ஓவியப் பள்ளி எதிலும் படித்ததில்லை. கடை மூடிய பிறகும், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்திலும் மனிதர்களைப் பென்சிலால் வரைந்து பழகி வருகிறேன். இயற்கைக் காட்சியிலோ கோயில் கோபுரத்திலோ எனக்கு அவ்வளவு நாட்டமில்லை. பார்த்த மாத்திரத்தில் சிரிப்பை வரவழைக்கிற, ஆனால் வரையப்பட்டவரைச் சிறுமைப்படுத்தாத கோட்டோவியங்களை வரைய வேண்டும் என்பதே என் ஆசை.

புகைப்படத்தைப் பார்த்து வரையும்போது முகச்சாயல் ஓரளவு வந்துவிடுகிறது. அதே ஆளை ஒரு வேடிக்கையான சூழலில் வைத்து நடக்கவோ, குனியவோ, பேரம் பேசவோ விட்டால் உடல் விறைத்துப்போகிறது. அனாட்டமி (உடலமைப்பு), பெர்ஸ்பெக்டிவ் (தூரத்துக்கேற்ப உருவங்கள் சிறுத்துத் தெரிவதைக் காட்டும் முறை) போன்ற அடிப்படைகளை முழுவதுமாக முடித்த பிறகுதான் நகைச்சுவைக்கு வர வேண்டுமா, அல்லது இரண்டையும் சேர்த்தே பழகலாமா? பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்த்து வரைவது கற்றலுக்கு உதவுமா, அல்லது சொந்த நடை உருவாவதைத் தடுத்துவிடுமா? ஆசிரியரின் துணையின்றி இந்தக் கலையில் தேறியவர்கள் எப்படித் தேறினார்கள் என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நொய்யல்:

நண்பருக்கு வணக்கம். நானும் பள்ளிக்குப் போகாமல் கற்றவன்தான். பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து வருகிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கார்ட்டூன் ஓவியர் ஆர்.கே. லட்சுமண் 1921ஆம் ஆண்டு மைசூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பம்பாயிலிருந்த ஜே.ஜே. கலைப் பள்ளிக்குத் தம் படங்களை அனுப்பி இடம் கேட்டார். சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு அவற்றில் திறமை தென்படவில்லை என்று பதில் வந்தது. பிறகு மைசூர் மகாராஜா கல்லூரியில் பட்டப்படிப்பு படித்துக்கொண்டே பத்திரிகைகளுக்கு வரைந்தார், அண்ணன் ஆர்.கே. நாராயணனின் கதைகளுக்கு 'தி இந்து' நாளிதழில் படம் போட்டார். இடம் மறுத்த அதே பள்ளி பின்னாளில் அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. இதை விடாமுயற்சிக்கு உதாரணமாகப் பலரும் சொல்வதுண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இடம் கிடைக்காத அந்தப் பையன் அதுவரை எதைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான் என்பதுதான். தம் அறையின் சன்னலுக்கு வெளியே தெரிந்த காய்ந்த சுள்ளிகள், இலைகள், ஊர்ந்து திரியும் பல்லி போன்ற உயிர்கள், விறகு பிளக்கும் வேலையாட்கள், எதிர்க் கட்டடங்களின் கூரைகளில் விதவிதமாக உட்கார்ந்திருந்த காகங்கள் ஆகியவற்றையே வரைந்ததாக அவர் எழுதியிருக்கிறார்.

அந்தக் காகங்களைப் பற்றிச் சற்று யோசித்துப் பாருங்கள். காகத்துக்கு முகபாவம் கிடையாது. புருவத்தை உயர்த்தவோ உதட்டைப் பிதுக்கவோ அதனால் முடியாது. ஆகவே ஒரு காகத்தின் சந்தேகத்தையோ அதிகாரத்தையோ காட்ட வேண்டுமானால், கழுத்தின் சாய்வு, கால்களுக்கு இடையிலுள்ள தூரம், இறகு ஒட்டியிருக்கிறதா உப்பியிருக்கிறதா என்பவை மட்டுமே வரைபவருக்குக் கைகொடுக்கும். காகத்தை வரைந்து பழகியவர் உடலைப் பேசவைக்கக் கற்றுக்கொள்கிறார். உங்கள் மனிதர்கள் விறைத்துப்போவதற்குக் காரணம் அனாட்டமி தெரியாதது மட்டுமே என்று நான் நினைக்கவில்லை. புகைப்படத்திலிருந்து முகத்தை எடுத்துப் பழகியதால் உங்கள் கவனம் முழுவதும் கழுத்துக்கு மேலேயே நின்றுவிட்டிருக்கக்கூடும்.

நாளைக்கே ஒரு டீக்கடை எதிரில் நின்று, டீ ஆற்றுகிற மாஸ்டரைக் கவனியுங்கள். குவளையை உயர்த்தும்போது அந்தப் பக்கத்துத் தோள் காதை நெருங்குகிறது. மறு கை தொடை வரை தாழ்கிறது. உடலின் எடை ஒரு காலுக்கு மாறுவதால் இடுப்பு தோளுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்கிறது. அவருடைய கண்ணோ டீயில் இல்லை, காசு கொடுக்காமல் நகரப் பார்க்கிற வாடிக்கையாளர் மேல் இருக்கிறது. வேடிக்கை முழுவதும் அந்தப் பார்வையில்தான் இருக்கிறது, ஆனால் கீழே உடல் சரியாக நிற்காவிட்டால் அந்தப் பார்வை எடுபடாது. எனவே வரையும்போது உச்சந்தலையிலிருந்து எடையைத் தாங்கும் பாதம் வரை ஒரே ஒரு கோட்டை முதலில் போடுங்கள். அடுத்துத் தோளின் சாய்வுக்கு ஒரு கோடு, இடுப்பின் சாய்வுக்கு ஒரு கோடு. இந்த மூன்றும் சரியாக அமையும்வரை கண், மூக்கு, சட்டைப் பொத்தான் எதையும் தொட வேண்டாம். அனாட்டமியும் நகைச்சுவையும் இந்தப் பயிற்சியில் சேர்ந்தே வந்துவிடும். ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றுக்கு வரவேண்டிய அவசியமில்லை.

இன்னொரு செய்தி. லட்சுமண் தொடக்கத்தில் இந்திய மக்களைக் காட்டுவதற்காக வங்காளி, தமிழர், பஞ்சாபி என்று ஒரு கூட்டத்தையே படத்துக்குள் வரைந்துகொண்டிருந்தார். நாள்தோறும் குறித்த நேரத்துக்குள் படம் தர வேண்டிய நெருக்கடியில் அந்தக் கூட்டம் குறைந்துகொண்டே வந்து, கட்டம்போட்ட கோட்டும் வேட்டியும் கண்ணாடியும் அணிந்த ஒரே ஒரு மனிதராக நின்றது. 1951இல் தொடங்கிய 'யூ செட் இட்' என்ற அவருடைய கார்ட்டூன் தொடரில் அந்த மனிதர் வாயே திறப்பதில்லை. நேரக் குறைவு ஓவியனுக்கு இப்படியும் ஓர் ஆசிரியராக அமைகிறது. பேருந்து வருவதற்குள் வரைந்து முடிக்க வேண்டிய உங்கள் நிலைமை எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல.

மலைக்கோட்டை:

பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நொய்யல் அவர்கள் சொன்னது பெரும்பாலும் எனக்கும் உடன்பாடுதான், ஆனால் அளவு பார்த்து வரைகிற பயிற்சியை அவர் சற்று வேகமாகக் கடந்துவிட்டார் என்று கருதுகிறேன். பார்த்து வரைவது பற்றிய உங்கள் கேள்வியும் விடுபட்டிருக்கிறது.

வின்சென்ட் வான்கோ 1880இல், தமது 27ஆம் வயதில்தான் ஓவியராவது என்று முடிவெடுத்தார். அப்போது பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் இருந்தார். சார்ல் பார்க் என்பவர் தயாரித்த பயிற்சிப் படத்தாள்களை வரவழைத்து, 60 தாள்கள் கொண்ட கரிக்கோல் பயிற்சி வரிசையை வைத்து மீண்டும் மீண்டும் வரைந்தார். பத்தாண்டுகள் கழித்து, தமக்கே உரிய நடை முழுமையாக உருவாகிவிட்ட 1890ஆம் ஆண்டிலும் அதே தாள்களைத் திரும்ப எடுத்து வரைந்திருக்கிறார். மற்றவர் படத்தைப் பார்த்து வரைவது சொந்த நடையைக் கெடுக்கும் என்றால், அது முதலில் அவரைக் கெடுத்திருக்க வேண்டும்.

ஆனால் எப்படிப் பார்த்து வரைகிறோம் என்பது முக்கியம். மேலே தாளை வைத்துக் கோடு இழுப்பதால் கை மட்டுமே நகர்கிறது, கண் எதையும் கற்பதில்லை. உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தைப் பார்த்து வரையுங்கள். பிறகு மூலத்தையும் நீங்கள் வரைந்ததையும் மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து அதையே வரையுங்கள். கடைசியில் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நினைவிலிருந்து வராத பகுதிதான் நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளாத பகுதி. பெரும்பாலும் அது கையாகவோ, காலணி தரையைத் தொடும் இடமாகவோ இருக்கும்.

அளவுகளில் சிலவற்றை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். புதிதாக வரைபவர்கள் கண்ணை நெற்றியருகே ஏற்றிவிடுகிறார்கள். உண்மையில் உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நடுவில்தான் கண் இருக்கிறது. விரித்த கையை முகத்தில் வைத்தால் மோவாயிலிருந்து நெற்றி வரை மறைத்துவிடும், ஆனால் தொடக்கநிலைப் படங்களில் கை எப்போதும் சிறுத்தே காணப்படுகிறது. வளர்ந்தவரின் உயரம் அவருடைய தலையைப் போல் ஏழு அல்லது ஏழரை மடங்கு. நகைச்சுவைப் படத்தில் அதை நான்கு மடங்காகவும் மூன்று மடங்காகவும் குறைக்கிறோம். எதிலிருந்து குறைக்கிறோம் என்று தெரிந்தவர் வரையும்போதுதான் அந்தக் குறைப்பு வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும், பார்ப்பவரும் சிரிப்பார்.

பொருநை:

சிறுமைப்படுத்தாத நகைச்சுவை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்காகவே எழுத வந்தேன், ஏனெனில் தாமாகக் கற்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர ஆள் இருப்பதில்லை.

ஆனந்த விகடனில் வரைந்த மாலி கச்சேரி மேடையில் இருந்த சங்கீத வித்வான்களைக் கோட்டோவியங்களாகத் தீட்டினார். அவற்றில் மிகைப்படுத்தப்படுவது பெரும்பாலும் பாவனைதான்: பாட்டில் ஒரு சங்கதியை எட்டிப் பிடிக்க உயரும் கை, தாளத்தில் ஆழ்ந்துபோன கழுத்து, ஒரு பக்கமாகக் கோணும் வாய். அந்த வித்வான் தம் கலையில் மூழ்கியிருப்பதைத்தான் பார்த்து நாம் சிரிக்கிறோம், அந்தச் சிரிப்பில் மரியாதையும் கலந்திருக்கிறது. இதற்கு மாறாக, கருத்த நிறத்தையும் பருத்த உடம்பையும் உடற்குறையையும் வைத்துச் சிரிக்கச் சொன்ன துணுக்குப் படங்கள் நம் பத்திரிகைகளில் நெடுங்காலம் வந்திருக்கின்றன. அவை வரைபவரின் சோம்பலையே காட்டுகின்றன என்பது என் உறுதியான கருத்து. ஒரு மனிதரிடம் அவர் பிறப்பிலேயே பெற்றதை விட்டுவிட்டு, அவர் செய்வதைப் பெரிதாக்குங்கள். குடையை எப்படிப் பிடிக்கிறார், சில்லறையை எப்படி எண்ணுகிறார், மேலதிகாரி வந்ததும் நாற்காலியில் எப்படி நிமிர்கிறார் என்பவை தீராத சுரங்கங்கள்.

மாலியால் வளர்க்கப்பட்ட கோபுலு தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணத்தில் முறையாக ஓவியம் படித்தவர், ஆகவே அவரைத் தாமாகக் கற்றவர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவருடைய சொல்லில்லாத நகைச்சுவைப் படங்களை நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும். படத்தின் கீழே வசனமே இல்லாமல், நிற்கும் விதத்தை மட்டும் கொண்டு யார் மாமியார், யார் புது மாப்பிள்ளை, யார் கடன் கேட்க வந்தவர் என்று புரியவைத்துவிடுவார். முதுமையில் பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். பள்ளியில் படித்த ஒரு மேதைகூட முதுமையில் தாமாகவே மறுபடி கற்றிருக்கிறார்.

உங்கள் பயிற்சிக்கு ஒரு யோசனை: படத்தை வசனமில்லாமல் வீட்டாரிடம் காட்டி, என்ன நடக்கிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் குறுக்கே விளக்கம் சொல்லக் கூடாது.

வைகைக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தோள், இடுப்புக் கோடுகளை முதலில் போட்டுப் பார்த்தேன்; பூக்கட்டும் அம்மா ஒருவரின் உருவம் முதன்முறையாக அசைவோடு வந்திருக்கிறது. இரண்டு சிறிய ஐயங்கள் மீதமிருக்கின்றன. ஆட்கள் நகர்ந்துகொண்டே இருக்கும்போது, வரைந்துகொண்டிருக்கும் நிலையை எப்படிப் பிடிப்பது? பென்சிலிலிருந்து மைக்கு எப்போது மாறலாம்?

நொய்யல்:

பூக்கட்டுபவரை நீங்கள் தேர்ந்தெடுத்ததே முதல் ஐயத்துக்கு விடை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களைத் தேடுங்கள்: இஸ்திரி போடுபவர், தையற்காரர், இளநீர் வெட்டுபவர், பரோட்டாவுக்கு மாவு வீசுபவர். ஒரு நிலை கலைந்தாலும் சற்று நேரத்தில் அதே நிலைக்குத் திரும்பி வருவார்கள். ஒரே பக்கத்தில் மூன்று நான்கு உருவங்களை அரைகுறையாகத் தொடங்கி வைத்துக்கொண்டு, அவர் எந்த நிலைக்குத் திரும்புகிறாரோ அந்த உருவத்தில் தொடருங்கள். வரைவதை அவர் கவனித்துவிட்டால் தாளைக் காட்டிவிடுவது நல்லது. விரும்பாவிட்டால் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மைக்கு இப்போதே மாறலாம், ஆனால் சாதாரணப் பால்பாயின்ட் பேனாவில் தொடங்குங்கள். அழிக்க முடியாது என்பதால் கோடு போடுவதற்கு முன் ஒரு கணம் கூடுதலாகப் பார்ப்பீர்கள். தொட்டெழுதும் நிப்பும் இந்தியன் இங்க் எனும் கறுப்பு மையும் பிறகு வரட்டும். நிப்பை அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். அந்த ஏற்ற இறக்கத்தால்தான் வேட்டியின் மடிப்பும் வயிற்றின் பாரமும் ஒரே கோட்டில் வந்துவிடும். அதற்கு வழவழப்பான, சற்றுக் கனமான காகிதம் தேவை, ஏனெனில் மலிவான தாளில் மை நார்களுக்குள் பரவிக் கோட்டின் ஓரம் பிசிறடிக்கும். இங்க் பாட்டிலில் நிப்பைப் பாதி வரை மட்டும் தோய்த்து, விளிம்பில் ஒருமுறை வழித்துவிட்டு வரையுங்கள். வேலை முடிந்ததும் உடனே தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள், காய்ந்த இங்க் நிப்பின் பிளவை அடைத்துவிடும்.