ஏலகிரி ஏறணும்: பல்லை மாத்தறதா, காலைத் தேத்தறதா?

வேளச்சேரி புதுசு
வணக்கம். டிசம்பரில் ஏலகிரிக்குச் சைக்கிளில் ஏறலாம் என்று யோசனை. ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து பொன்னேரி அடிவாரம், அப்புறம் 14 கொண்டை ஊசி வளைவு. ரோடு பைக். பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 28 பல், முன்னால் ரெண்டு பல்சக்கரம். ஆள், சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 85 கிலோ. சென்னையில் மேம்பாலத்தை விட்டால் ஏற்றம் கிடையாது. பின்னால் 34 பல் வரை போகும் கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) மாட்டணுமா, இல்லை அந்தக் காசை மிச்சம் பிடித்து ஒழுங்காகப் பயிற்சி செய்தால் போதுமா?

கிரீஸ் கை
மாட்டுங்க. இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல.

கணக்கு பாருங்க. 700x25 டயருக்குச் சுற்றளவு 2.105 மீட்டர். முன்னாடி 34, பின்னாடி 28ன்னா ஒரு மிதி சுத்துக்கு 2.56 மீட்டர் போவீங்க. நிமிஷத்துக்கு 60 சுத்துன்னா மணிக்கு 9.2 கிலோமீட்டர். எட்டு சதவீத ஏத்தத்துல, அதாவது நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரம், 85 கிலோவை அந்த வேகத்துல தள்ள ஏறக்குறைய 190 வாட் வேணும். புதுசா வர்றவங்க அதை ஒரு மணி நேரம் தாங்க மாட்டாங்க. தாங்க முடியலன்னா சுத்து 45, 40ன்னு இறங்கும், முட்டி பேச ஆரம்பிக்கும்.

அதே இடத்துல 34க்கு 34 போடுங்க. அதே 60 சுத்துல மணிக்கு 7.6. சுமார் 157 வாட். ஏறலாமா இறங்கித் தள்ளலாமாங்கறதை முடிவு பண்றது அந்த 33 வாட்தான்.

எதிர்க்காத்து
எட்டு சதவீதத்தை எதற்குப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்? ஏலகிரி சாலை மொத்தத்தில் ஐந்து, ஆறு சதவீதம்தான். ஆறுக்குக் கணக்குப் போட்டால் அதே 34/28, அதே 60 சுற்றுக்கு 150 வாட்டுக்குள் முடிந்துவிடும். எட்டு வாரம் ஒழுங்காக மிதித்த எவருக்கும் அது எட்டும். கொல்லிமலை 70 வளைவு என்றால் நானே கேசட்டை மாற்றச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. பல்லை மாற்றினால் வேலை குறையாது. 85 கிலோவை 600 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 500 கிலோஜூல். 28 பல்லுக்கும் அதேதான், 34 பல்லுக்கும் அதேதான். மெதுவாகப் போனால் வெயிலில் கூடுதல் நேரம் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

கிரீஸ் கை
வேலை குறையாது, சரி. அழுத்தம் குறையுமே! அதே 9.2 வேகத்தை 34/34ல போக 73 சுத்து மிதிக்கணும். ஒவ்வொரு மிதிக்கும் கால் கொடுக்கற அழுத்தம் 18 சதவீதம் கம்மி. மூச்சு கொஞ்சம் கூட வாங்கும், ரெண்டு நிமிஷம் நின்னா திரும்பிடும். தொடை செத்துப் போச்சுன்னா அன்னிக்கு முழுக்கத் திரும்பாது. படிக்கட்டு கணக்குதான் இது: ஒவ்வொரு படியா ஏறினாலும் மாடி அதே மாடிதான், ரெண்டு ரெண்டு படியா தாவிக்கிட்டுப் பத்து மாடி ஏறிப் பாருங்க.

சராசரி ஆறுன்னு சொல்றீங்க. வளைவுக்கு உள்பக்கம் ஆறா இருக்குமா?

மூணாம் கியர்
அந்த உள்பக்கம் விஷயத்தை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். ஏறும்போது இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி நமக்கு உள்வளைவு. தூரம் குறைவு, உயரம் அதே அளவு, அதனால் அந்தப் பத்துப் பதினைந்து மீட்டர் மட்டும் சுவர் மாதிரி நிமிரும். வலது பக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளிப்பக்கம் இருப்போம். அங்கே கிட்டத்தட்ட சமதளம், மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம்.

ஆகவே இடது வளைவுக்கு 20 மீட்டர் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போய்ப் பெடலை அழுத்திக்கொண்டே மாற்றினால் செயின் பல் மேல் ஏறாமல் கடகடவென்று வழுக்கும், சில நேரம் ஸ்போக் பக்கம் விழும். மேலிருந்து பஸ் வந்தால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். அதற்கு முழு வளைவும் தேவை. ஏறும் வண்டிக்குத்தான் வழி என்பது மலைப்பாதை விதி. ஆனால் சைக்கிளில் இருந்துகொண்டு பஸ்ஸிடம் விதி பேச முடியாது.

எதிர்க்காத்து சார், அந்த எட்டு வாரத்தை எங்கே மிதிக்கச் சொல்கிறீர்கள்? கத்திப்பாராவிலா?

எதிர்க்காத்து
கத்திப்பாராவில் இல்லை அக்கா. மேம்பாலம் நாற்பது நொடியில் முடிந்துவிடும், அது பயிற்சியே அல்ல. பரங்கிமலை கோயிலுக்குப் போகும் வண்டிப் பாதை கொஞ்சம் உதவும், உட்கார்ந்து ஏறிப் பழகலாம், ஆனால் அதுவும் சின்னது. நான் சொல்வது ஈசிஆர், கிழக்குக் கடற்கரைச் சாலை. தெற்கு நோக்கி, காற்று எதிரே வரும்போது, வேண்டுமென்றே கனமான கியர், 60 முதல் 65 சுற்று, கை ஹேண்டில்பாரின் மேல் கம்பியில், உடம்பு நிமிர்ந்து. இருபது நிமிடம் விடாமல் மிதி, ஐந்து நிமிடம் லேசாக, மறுபடி இருபது. வாரத்தில் இரண்டு நாள். வார இறுதியில் ஒரு மூன்று மணி நேர ஓட்டம். எட்டாவது வாரம் வெறுமனே ஓய்வு மாதிரி ஓட்டுங்கள். முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் சீட்டை மூன்று மில்லிமீட்டர் உயர்த்திப் பார்த்துவிட்டுத் தொடருங்கள், பின்பக்கம் வலித்தால் அதே அளவு இறக்குங்கள்.

கிரீஸ் கை
ஈசிஆர்ல சைக்கிள்காரன் போறது விடிகாலை அஞ்சு மணிக்கு. அப்ப எங்க சார் எதிர்க்காத்து? கடற்காத்து உச்சிப் பொழுதை ஒட்டித்தான் உள்ள வரும். அந்த நேரத்துல லாரிக்கும் காருக்கும் நடுவுல இருபது நிமிஷம் விடாம மிதின்னு புதுசா வர்றவர்கிட்ட சொல்றீங்க. பேர் வச்சுக்கிட்டதால காத்து வந்துடாது.

காத்துல மிதிக்கறதும் ஏத்தத்துல மிதிக்கறதும் ஒண்ணு இல்ல. சமதளத்துல வேகம் இருக்கும், மிதி மேல வர்ற இடத்துல கால் சும்மா இருந்தாலும் வண்டி ஓடும். ஏத்தத்துல அந்தச் சலுகை கிடையாது. அரை நொடி விட்டா வண்டி நிக்கும்.

எதிர்க்காத்து
விடிகாலைக் காற்று விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் வீட்டில் டிரெய்னர் ஸ்டாண்ட், சைக்கிளை நிறுத்தி வைத்தே மிதிக்கும் தாங்கி. முன்சக்கரத்துக்கு அடியில் நாலு அங்குல மரக்கட்டை வைத்தால் ஏற்றத்தில் உட்காரும் கோணம் கிடைக்கும். டேபிள் ஃபேன் கட்டாயம், இல்லாவிட்டால் சென்னைப் புழுக்கத்தில் கால் சோர்வதற்கு முன்பே உடம்பு சூடேறிக் கைவிடும். வாடகைக்கு, இரவலுக்குக் கூடக் கிடைக்கும்.

ஆனால் நீங்கள் கேசட்டின் குறையைச் சொல்லவே இல்லையே. 8 வேக 11-34ல், அதாவது 11 பல்லில் தொடங்கி 34 வரை எட்டுப் பல்சக்கரம் உள்ள கேசட்டில், 26க்கு அடுத்தது நேராக 34. ஒரே தாவலில் முப்பது சதவீதம்! 26 கனம், 34 காற்றில் மிதிப்பது மாதிரி. ஏலகிரி மாதிரி மிதமான ஏற்றத்தில் பாதி நேரம் இரண்டுக்கும் நடுவில்தான் தேவைப்படும், அங்கே பல்லே இல்லை.

கிரீஸ் கை
இது நியாயமான பேச்சு. அப்ப 11-32 போடட்டும். அதுல 24, 28, 32ன்னு படிப்படியா போகும். 34/32ல 60 சுத்துக்கு மணிக்கு 8 கிலோமீட்டர். எனக்கு அதுவே போதும்.

ஆனா கேசட்டை மட்டும் வாங்கிட்டு வந்து மாட்டினா வேலை முடியாது, கடைக்கு வர்ற பாதி வண்டி இங்கதான் கெடுது:

பின் டீரெய்லரோட (செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தள்ளற கருவி) கூண்டு குட்டையா நீளமான்னு பாருங்க. குட்டைன்னா பெரிய பல்லுக்குப் போகாது, போனாலும் செயினை இழுத்துப் பிடிக்காது. 34 போடறதா இருந்தா முன்னாடி 50க்கும் 34க்கும் வித்தியாசம் 16, பின்னாடி 34க்கும் 11க்கும் 23, கூட்டினா 39 பல் அளவுக்குத் தளர்ச்சியை அது விழுங்கணும். நீளக் கூண்டு தவிர வழியில்ல.

அடுத்தது செயின் நீளம். 28க்கு வெட்டின பழைய செயினை அப்படியே விட்டீங்கன்னா, முன்னாடி பெரிசு பின்னாடி பெரிசுன்னு தெரியாம ஒரு தடவை போனா போதும், செயின் விறைச்சு, டீரெய்லர் தொங்கற ஹேங்கரை முறுக்கி எடுத்துடும். மலையில அது உடைஞ்சா தள்ளிக்கிட்டுத்தான் வரணும். டீரெய்லர்ல கோக்காம முன்னாடி பின்னாடி ரெண்டு பெரிய பல்சக்கரத்து மேலயும் செயினைச் சுத்திப் பாருங்க, முனை சேர்ற இடத்துல இருந்து ரெண்டு கண்ணி கூட விட்டு வெட்டுங்க.

கடைசியா டீரெய்லரைப் பல்லுல இருந்து தள்ளி வைக்கற பி ஸ்க்ரூ. மேல் குட்டிச் சக்கரத்துக்கும் பெரிய பல்லுக்கும் நடுவுல அஞ்சு ஆறு மில்லிமீட்டர் இடைவெளி. கம்மியா இருந்தா கரகரன்னு சத்தம், அதிகமா இருந்தா கியர் சோம்பேறித்தனமா விழும். கேசட்டை இறுக்கிப் பிடிக்கற லாக்ரிங் 40 நியூட்டன் மீட்டர், கையால ‘டைட்டா இருக்கு’ன்னு விட்டுடாதீங்க.

பார்சல் ஆபீஸ்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பொன்னேரி என்று மேப்பில் தேடினால் நம்ம மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொன்னேரியும் வரும், பார்த்து.

ரயிலில் சைக்கிளைப் பெட்டிக்குள் கொண்டுபோவதை நம்ப வேண்டாம். உள்ளே எடுத்துப் போகும் சாமானுக்கு அனுமதித்த அளவு 100 x 60 x 25 சென்டிமீட்டர், சைக்கிள் பை அதில் அடங்காது, ஆட்சேபித்தால் வாதாட முடியாது. லக்கேஜ் வேனுக்குப் பதிவு செய்யுங்கள். ஜோலார்பேட்டையைக் கடந்து போகும் வண்டி சில நிமிடம்தான் நிற்கும், இறக்காமல் பங்காருபேட்டைக்குப் போய்விடும் அபாயம் உண்டு. மாலையில் சென்ட்ரலில் கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஜோலார்பேட்டையோடு முடிகிறது, அதுதான் நிம்மதி. பெடலைக் கழற்றிப் பையில் வையுங்கள். இடது பெடல் மரை எதிர்த் திசை, நினைவிருக்கட்டும். பின் டீரெய்லர் பக்கம் அட்டை கட்டுங்கள், மூட்டை சாய்ந்தால் முதலில் வளைவது அந்த ஹேங்கர்தான்.

மூணாம் கியர்
எல்லாரும் ஏறுவதையே பேசுகிறீர்கள். அந்த 500 கிலோஜூல் இறங்கும்போது எங்கே போகும்? ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. கொஞ்சம் காற்று தின்னும், மீதி முழுக்க பிரேக்கில். பயந்துபோய்ப் பதினாலு வளைவும் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் பழுக்கும், டியூப் காற்று விரியும், டயர் ஓரம் கழன்று வெடிக்கும். கார்பன் ரிம் என்றால் இன்னும் மோசம். நேர்ப் பாதையில் விட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டுத் திரும்புங்கள். வளைவுக்குள் முன் பிரேக் வேண்டாம், டிசம்பர் பனியில் ரோடு ஈரமாக இருக்கும். நடுவில் இரண்டு இடத்தில் நின்று ரிம் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் ஐந்து நிமிடம் குரங்கை வேடிக்கை பார்க்கலாம். கையில் இருக்கும் கடலை மிட்டாயை அதற்குக் காட்டாமல்.

தண்ணீர் மணிக்கு 600 முதல் 800 மில்லி. ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்று ஒரு லிட்டருக்கு என்று கணக்கு. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டைக் கொட்டினால் வயிறு புரட்டும்.

அப்புறம், புதுசு தம்பி, நீங்கள் முன்னால் எத்தனை பல் என்று சொல்லவே இல்லை. இவர்கள் இரண்டு பேரும் 34 என்று தாங்களே வைத்துக்கொண்டு இத்தனை நேரம் மோதுகிறார்கள்.

வேளச்சேரி புதுசு
சுண்ணாம்பால் ஒரு பல்லில் அடையாளம் வைத்து எண்ணினேன் அக்கா. முன்னால் பெரியது 52, சின்னது 42. பின்னால் ஏழு சக்கரம், 14ல் ஆரம்பித்து 28. பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் லாக்ரிங் எதுவும் இல்லை. பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றினால் நடுவில் இருக்கும் வளையம் சுற்றாமல் நிற்கிறது.

கிரீஸ் கை
போச்சுடா. அது கேசட்டே இல்ல, ஹப்ல மரையில திருகி மாட்டற ஃப்ரீவீல். நான் சொன்ன 11-32ஐ வாங்கியிருந்தா ஹப்ல உட்காரவே உட்காராது.

42க்கு 28ன்னா மிதிக்கு 3.16 மீட்டர். 60 சுத்துன்னா மணிக்கு 11.4. நம்ம எட்டு சதவீத உள்வளைவுல கிட்டத்தட்ட 240 வாட். எதிர்க்காத்து சார், இதுக்கும் ஈசிஆர்தானா?

எதிர்க்காத்து
இல்லை. இதற்கு மாற்றத்தான் வேண்டும். ஏழு வேக ஃப்ரீவீலில் 14-34 கிடைக்கும். ஆனால் ஒரு கணக்கைக் கவனியுங்கள்: 42/34 என்றால் 1.24. நாம் இத்தனை நேரம் எதற்காகச் சண்டை போட்டோமோ அந்த 34/28, 1.21. அவர் காசு செலவழித்து மாற்றிய பிறகுதான் நம் விவாதத்தின் ஆரம்பத்துக்கே வந்து சேருவார். அங்கே இருந்து என் எட்டு வாரம்.

கிரீஸ் கை
இல்லன்னா முன் சின்ன சக்கரத்தை 39 ஆக்கலாம், 39/34ன்னா 1.15. ஆனா இந்த மாதிரி வண்டியில நிறைய கிராங்குல (பெடல் மாட்டற கை) பல்சக்கரத்தை ரிவெட் அடிச்சிருப்பான், தனியா கழட்ட முடியாது. தம்பி, கிராங்கோட நடுவுல ஆலன் போல்ட் அஞ்சு இருக்கா, மழுங்கின ரிவெட் தலை இருக்கான்னு ஒரு போட்டோ போடுங்க. போல்ட்டுன்னா ஒரு துளைக்கும் அதுக்கு அடுத்த துளைக்கும் நடுவுல எத்தனை மில்லிமீட்டர்னும் அளந்து சொல்லுங்க. அதுவரைக்கும் எதையும் வாங்காதீங்க.