நீராவி ரோடு ரோலரின் முன் உருளை ஏன் இரண்டாக இருக்கிறது?

கேள்வி – சாலைப்பித்தன்
பழைய நீராவி ரோடு ரோலர் ஒன்றை நேற்று கிட்டே நின்று பார்த்தேன். முன் உருளை ஒரே உருளை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். குனிந்து பார்த்தால் நடுவில் சின்ன இடைவெளி, இரண்டு உருளைகள்! உடைந்துபோனதா, செய்ததே அப்படியா? அப்புறம், குதிரை இழுக்கும் உருளை இருக்கும்போது இந்த பாய்லர் வண்டி எதற்கு வந்தது?

பதில் – பழைய ஃபையர்மேன்
உடையவில்லை தம்பி, செய்ததே அப்படித்தான். வண்டி திரும்பும்போது உருளையின் வெளிப்பக்கம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கம் குறைவாக ஓட வேண்டும். ஒரே உருளை என்றால் தேய்த்துக்கொண்டே திரும்பும். அந்தத் தேய்ப்பில், சற்று முன் அமுக்கிய ஜல்லி பெயர்ந்து வந்துவிடும். இரண்டாக இருந்தால் அதது தன் போக்கில் சுற்றும்.

குதிரை விஷயமும் இதே கதைதான். உருளை அமுக்கிய கல்லை அடுத்த நடையில் குளம்பு கிளறிவிடும். மக்காடம் சாலைகளில், அதாவது உடைத்த ஜல்லியால் போடும் சாலைகளில், ஆரம்பத்தில் உருளையே கிடையாது. ஜல்லியைப் பரப்பிவிடுவார்கள், போகிற வருகிற வண்டிச் சக்கரங்கள்தான் அமுக்க வேண்டும். நீராவி ரோலர் வந்த பிறகுதான் சாலையைக் கெட்டியாக்கிவிட்டு வண்டிகளை விட முடிந்தது. 1863-லேயே கல்கத்தா நகராட்சிப் பொறியாளர் வில்லியம் கிளார்க், பாத்தோ என்பவரோடு சேர்ந்து ஒரு நீராவி ரோலரை வடிவமைத்தார். இங்கிலாந்தில் ரோச்செஸ்டரின் ஏவ்லிங் அண்டு போர்ட்டர் அதே பத்தாண்டில் தயாரிப்பில் இறங்கியது.

நான் நான்கு வருடம் கரி அள்ளிப் போட்டவன். ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு வர வேண்டும் என்பதுதான் முதல் பாடம். மாற்றிச் செய்தால் ஜல்லி ஓரமாகச் சரிந்து, நடு மேடு போய்விடும். முதலில் தண்ணீர் இல்லாமல் உருட்டுவோம். கற்கள் நறநறவென்று ஒன்றோடு ஒன்று உரசும். அந்தச் சத்தம் அடங்கினால் கல் பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். அதற்கு மேல்தான் பொடிக்கல், தண்ணீர்.

பதில் – தார்ச்சட்டி
சூடான தார்க் கலவை வந்ததும் வேறு சிக்கல். திசை மாற்ற ஒரு நொடி நின்றாலும் அங்கே பள்ளம் விழும். வாலிஸ் அண்டு ஸ்டீவன்ஸின் 1923 ‘அட்வான்ஸ்’ ரோலரில் ஃபிளைவீல் என்கிற கனத்த சுழல் சக்கரமே கிடையாது. சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த கனம் இல்லாததால் உடனே பின்னால் திரும்பும்.

சாலைப்பித்தன்
மிக்க நன்றி ஐயா. சரிவில் இறங்குவது பயமாக இருக்காதா?

பழைய ஃபையர்மேன்
பிரேக்கைவிட பாய்லர் பயம்தான் பெரிது தம்பி. மூக்கு கீழே இறங்கினால் தண்ணீர் முன்னால் ஓடிவிடும், பின்னால் இருக்கிற நெருப்புப் பெட்டியின் கூரை காய்ந்துபோகும். அதனால் சரிவுக்கு முன்பே தண்ணீரை ஏற்றி வைத்துவிடுவேன். அடுத்த தடவை போனால் கரி போடும் கதவு வழியாக உள்ளே மேலே பாருங்கள். கூரையில் ஒரு திருகு, நடுவில் ஈயம். தண்ணீர் இல்லாமல் போனால் அந்த ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் பாயும். எங்கள் வண்டியில் அது ஒரு முறைகூட உருகியதில்லை.