சாட்ஸ்வொர்த் பார்க்ல குரூப்பா நடக்கப் போறோம், ரூட் சரியா இருக்கா?

நடைப்பிரியா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஷெஃபீல்டுல இருக்கோம், மே மாசம் நாலஞ்சு குடும்பமா சேர்ந்து டெர்பிஷைர் பக்கம் ஒரு நாள் நடக்கலாம்னு பேசிட்டிருக்கோம். பேஸ்லோ கிராமத்துல ஆரம்பிச்சு, சாட்ஸ்வொர்த் பார்க் வழியா எடன்சர், அங்கேருந்து மேடேறி பேக்வெல், இதான் பிளான். மாமியாருக்கு மூட்டுவலி, சின்னப் பசங்களும் வர்றாங்க. பார்க் உள்ள நடக்கவே டிக்கெட் வேணுமா? பார்க்ல இருக்கிற சாட்ஸ்வொர்த் மாளிகைக்குள்ள போகலன்னா வந்ததே வேஸ்ட்னு குரூப்ல பாதி பேர் சொல்றாங்க, நீங்க என்ன சொல்றீங்க?

டெர்வென்ட்கரை:
பார்க்ல நடக்க டிக்கெட் வேணாம் சகோ. மாளிகைக்கும் அதோட தோட்டத்துக்கும்தான் காசு, கார் நிறுத்தினா அதுக்குத் தனி. பேஸ்லோலேருந்து ஆத்தங்கரையோரமா போற பாதை கிட்டத்தட்ட சமதளம், மாளிகைப் பாலம் வரைக்கும் ரெண்டரை கிலோமீட்டர் இருக்கும், அம்மா மெதுவா நடந்துடுவாங்க. ஆனா எடன்சர்லேருந்து பேக்வெல் வேற கதை. ஊருக்குள்ள போற சந்து அப்படியே மேல ஏறி பால் கிராஸ்ங்கிற இடத்துக்குப் போய், காட்டுக்குள்ள செங்குத்தா இறங்கும், மூட்டுவலிக்கு ஏத்தத்தை விட அந்த இறக்கம்தான் மோசம். அவங்களை எடன்சரோட நிறுத்திட்டு ஒருத்தர் கூட இருந்து பஸ்ல கூட்டிட்டு வந்துடுங்க, ஞாயித்துக்கிழமை பஸ் டைம் மாறும், முன்னாடியே பாத்துக்குங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி பேஸ்லோ சர்ச் கடிகாரத்தைப் பசங்களுக்குக் காட்டுங்க, ஒரு முகத்துல நம்பருக்குப் பதிலா விக்டோரியா பேரோட எட்டு எழுத்தும் 1897ங்கிற வருஷமும் சுத்தி இருக்கும், மொத்தம் பன்னெண்டு. ராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருஷம் ஆனதுக்கு வச்சது.

பழையபாதை:
மாளிகை வேணாம்னு சொல்லல, ஆனா ஒரே நாள்ல ரெண்டும் வச்சா நடை செத்துடும். எனக்குக் கேட்டா எடன்சருக்குத்தான் நேரம் ஒதுக்கணும். அந்த ஊர் முன்னாடி ஆத்துப்பக்கம் இருந்துச்சு, மாளிகைலேருந்து பாத்தா கண்ணுல படுதுன்னு 1838லேருந்து 1842க்குள்ள மாளிகைக்குச் சொந்தக்காரரான ஆறாவது டெவன்ஷைர் டியூக் மிச்சமிருந்த வீடுகளையும் இடிச்சு மேட்டுக்கு அந்தப் பக்கம் புதுசா கட்டினார், வேலையைப் பாத்துக்கிட்டது அவரோட தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன், பின்னாடி 1851ல லண்டன்ல கண்ணாடியும் இரும்புமா நின்ன கிரிஸ்டல் பேலஸை டிசைன் பண்ணவரே இவர்தான். ஒரு வீடு மாதிரி இன்னொன்னு இருக்காது, ஒண்ணு சுவிட்சர்லாந்து மர வீடு மாதிரி, பக்கத்துல இத்தாலி கோபுரம், அதுக்கடுத்தது டியூடர் புகைபோக்கி. பழைய ஊர்ல தப்பிச்சது ஒரே ஒரு வீடு, பார்க் நடுவுல மதிலோட தனியா நிக்கும், அந்தப் பக்கம் நடக்கும்போது கட்டாயம் நின்னு பாருங்க. சுத்தி இருக்கிற புல்வெளி இயற்கையா வந்ததுன்னு தோணும், அதுவும் 1760கள்ல கேப்பபிலிட்டி பிரவுன்ங்கிற தோட்ட வடிவமைப்பாளர் போட்ட திட்டம்தான். ஒரு குடும்பத்தோட ஜன்னல் காட்சிக்காக ஒரு ஊரையே நகர்த்தியிருக்காங்க, அது தெரிஞ்சு நடந்தா பார்க் வேற மாதிரி தெரியும்.

எடன்சர் சர்ச் பின்னாடி கல்லறைத் தோட்டத்துல பாக்ஸ்டனும் இருக்கார், ஜான் எஃப் கென்னடியோட தங்கை கேத்லீனும் இருக்காங்க. டியூக் வீட்டு மருமகளா வந்து 1948ல விமான விபத்துல போனவங்க. 1963 ஜூன்ல கென்னடி இங்க வந்து அஞ்சலி செலுத்தினார், அதுக்கும் ஒரு கல் பதிச்சிருக்காங்க.

புல்வெளி_அம்மா:
மே மாசம்னா ஆட்டுக்குட்டிங்க நிறைய இருக்கும், பசங்க தூக்கப் போவாங்க, விடாதீங்க. தாய் ஆடு பிரிஞ்சு போய் கத்தும், பாக்கவே கஷ்டமா இருக்கும். மான் பக்கத்துலயும் போகவேணாம். யாராவது நாய் கூட்டிட்டு வந்தா கயிறு கட்டாயம். கேட் தாண்டும்போது கடைசியா வர்றவங்க மூடணும், பெரிய குரூப்ல ஆளாளுக்கு அடுத்தவன் மூடுவான்னு போயிடுவாங்க, அதனால ஒருத்தரைக் கடைசி ஆளா வச்சுடுங்க. மழை பேஞ்சிருந்தா பால் கிராஸ் காட்டுப்பாதை சகதியாதான் இருக்கும், ஸ்னீக்கர்ஸ் வேணாம்.

நடைப்பிரியா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். மாளிகையை இன்னொரு நாள் வச்சுக்கிறோம். அத்தை எடன்சர் டீக்கடைல உக்காந்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க, வீட்டுக்காரர் கூட இருப்பார். கடைசி ஆள் வேலை எனக்கு.