கிரெமோனா வயலினில் குளிர் வந்ததிலிருந்து ‘ஜிர்’ சத்தம்: என்ன செய்யலாம்?

மிலான்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். மகள் மிலானில் கான்செர்வத்தோரியோவில் (இசைக் கல்லூரி) வயலின் படிக்கிறாள். போன வசந்தத்தில், வயலினுக்குப் பேர்போன இத்தாலிய ஊரான கிரெமோனாவில் வயலின் செய்யும் ஒருவரின் பட்டறைக்கே போய், அவர் கையால் செய்த வயலினை வாங்கினோம். கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இந்தப் பதற்றம்.

நவம்பர் வரை ஒரு குறையும் இல்லை. இப்போது ஜி தந்தியில் மேலே போய் வில்லை அழுத்தினால் ‘ஜிர்ர்’ என்று ஒரு அதிர்வு. மெதுவாக வாசித்தால் வருவதில்லை. தந்திகளை மாற்றியாச்சு, பலன் இல்லை. வார இறுதியில் இதே வயலினில் ஆன்லைனில் கர்நாடக சங்கீத வகுப்பும் நடக்கிறது. ஐந்து கட்டை சுருதிக்கு (ஜி-தான் ஸட்ஜம்) ஏ, ஈ தந்திகள் இரண்டையும் ஒரு ஸ்வரம் இறக்கி, வகுப்பு முடிந்ததும் பழையபடி ஏற்றுவாள். அதுதான் காரணம் என்கிறார் வீட்டுக்காரர். தெரிந்தவர் ஒருவர், “உண்மையிலேயே கிரெமோனா சரக்குதானா?” என்று வேறு கேட்டுவிட்டுப் போனார்.

பக்கவாத்தியம்:
பயப்படாதீங்க. முதலில் சில்லறை விஷயங்களைப் பாருங்கள். சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் ஃபைன் ட்யூனரின் சின்னத் திருகு லூஸாக இருந்தாலே இப்படித்தான் இரையும். தாடையை வைக்கும் சின் ரெஸ்டின் இரும்புக் கால், தந்திகளின் கீழ்முனையை மாட்டும் டெயில்பீஸை உரசுகிறதா? ஈ தந்தியில் குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) மேல் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் நகர்ந்திருக்கிறதா? அவள் வாசிக்கும்போது நீங்கள் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள், எதை அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள்.

ஐந்து கட்டை என்றால் ஜி, டி இரண்டும் அப்படியே இருக்கும், மற்ற இரண்டுதான் இறங்கும். அதற்கெல்லாம் வயலின் கெட்டுப்போகாது. ஆனால் பிருடையை (தந்தியை முறுக்கும் முளை) இறக்கி ஏற்றும்போது குதிரையின் தலை விரல் பலகைப் பக்கம் சாயும். டெயில்பீஸ் பக்கத்து முகம் செங்குத்தாக நிற்க வேண்டும். வாராவாரம் பாருங்கள்.

மிலான்வாசி:
எல்லாம் அழுத்திப் பார்த்தோம். குதிரை கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவளுடைய டீச்சர் நிமிர்த்திக் கொடுத்தார். சத்தம் போகவில்லை.

உளிப்பட்டறை:
குளிர் வந்ததிலிருந்து என்கிறீர்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. மிலானில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஹீட்டர் ஓடும். வெளியே மூடுபனி சொட்டும், அதைப் பார்த்து வீடும் ஈரமாக இருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். பூஜ்யம் டிகிரி காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். வயலினுக்கு 40 முதல் 60 வரை வேண்டும்.

மேல் பலகை ஸ்ப்ரூஸ் மரம், சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன். காய்ந்தால் அகலவாக்கில் சுருங்கும், நீளவாக்கில் அசையாது. அதைத் தாங்கும் பக்கச்சுவர் மேப்பிள் மரம், ஒரு மில்லிமீட்டர்தான். அதன் மர ரேகை சுவரோடு சுற்றி ஓடுவதால் அது கூடவே சுருங்காது. பலகை இழுக்கிறது, சுவர் விடமாட்டேன் என்கிறது. ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். அது ஒட்டாக இருக்கட்டும், மரமாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் மேல் பலகைக்கு மட்டும் விலங்குத்தோல் பசையை வேண்டுமென்றே நீர்க்கக் காய்ச்சி ஒட்டுவார்கள். அந்தக் கால கிரெமோனா வயலின் மேதை ஸ்ட்ராடிவாரி காலத்துப் பழக்கம், கிரெமோனாவில் இன்றும் அப்படித்தான்.

அப்படி ஒட்டு விட்ட இடம்தான் இரையும். சோதிக்கிற விதம்: விரல் முட்டியால் ஓரம் முழுக்க மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டக் டக்’ என்று கெட்டியாக வரும். ஒட்டு விட்ட இடத்தில் ‘டப்’ என்று தளர்ந்து, கூடவே ஒரு சலசலப்பு கேட்கும். சின் ரெஸ்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தையும் தட்டுங்கள். வியர்வை, அழுத்தம் இரண்டும் சேர்வதால் அதிகம் விடுவது அங்கேதான்.

அசல்தானா என்ற கேள்விக்கும் இந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. செய்தவர் கையிலிருந்தே வாங்கியிருக்கிறீர்கள், உள்ளே லேபிள் இருக்கும், சான்றிதழ் தந்திருப்பார். சொல்லப்போனால், குளிரில் ஒட்டு விடுவது ஒழுங்காகச் செய்த வயலினில்தான்.

பலெர்மோக்காரன்:
உளிப்பட்டறை அண்ணை சொன்னது சரி. எங்கட பக்கம் கடற்காத்து, இந்தக் கரைச்சல் குறைவு. நீங்கள் ஒரு ஈரப்பதமானி வாங்கிப் பெட்டிக்குள்ள வையுங்கோ, விலையும் பெரிசா இல்லை. வயலினுக்குள்ள விடுற பச்சை ரப்பர் குழாயும் இருக்கு. தண்ணியில ஊறப்போட்டு, நல்லாத் துடைச்சுப்போட்டுத்தான் விடவேணும். சொட்டு விழுந்தா உள்ள மரம் பழுதாப் போயிரும்.

மிலான்வாசி:
அண்ணா, நீங்கள் சொன்ன அதே இடம்தான்! சின் ரெஸ்டுக்குக் கீழே, இடதுபக்க ஓரத்தில். சூப்பர் மார்க்கெட் ரசீதின் நுனி ஒரு விரற்கடை நீளத்துக்கு உள்ளே நழுவுகிறது. ஈரப்பதம் 27 காட்டுகிறது. வீட்டுக்காரர் மரப்பசை டியூபைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு சொட்டு விட்டால் போதாதா?

உளிப்பட்டறை:
அந்த டியூபை முதலில் வாங்கிப் பூட்டி வையுங்கள்! வெள்ளைப் பசை மரத்துக்குள் ஊறிவிட்டால் அதன் மேல் தோல் பசை பிடிக்காது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அடுத்த குளிரில் ஒட்டு விடாது, பலகை வெடிக்கும். அந்த வேலைக்கு ஆகும் செலவைக் கேட்டால் கடன் இன்னும் நீளும்.

செய்தவருக்கே போன் பண்ணுங்கள். மெல்லிய கத்தியால் சூடான பசையைச் செலுத்தி, கிளாம்ப் போட்டு ஓர் இரவு விடுவார், அவ்வளவுதான். மிலானோ சென்ட்ராலேயிலிருந்து கிரெமோனாவுக்கு நேரடி ரயில் இருக்கிறது. சின் ரெஸ்டைக் கழற்றியே எடுத்துப் போங்கள். தந்திகளை ஒரு ஸ்வரம் இறக்கினால் போதும். நான்கையும் மொத்தமாகத் தளர்த்திவிட்டால் உள்ளே இரு பலகைக்கும் நடுவே ஒட்டாமல் நிற்கும் சின்ன மரக்குச்சி, சவுண்ட் போஸ்ட், விழுந்துவிடும். போன கையோடு அதையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.

மிலான்வாசி:
பேசிவிட்டேன், சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டார். பணம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதுவரை இதில் வாசிக்கலாமா? வியாழன் அவளுக்கு வகுப்பு இருக்கிறது.

உளிப்பட்டறை:
வேண்டாம். திறந்த ஒட்டுக்குள் வியர்வையும் அழுக்கும் போனால் பசை சரியாகப் பிடிக்காது. பழைய வயலின் வீட்டில் இருக்குமே, வியாழனுக்கு அது போதும். ஐந்து கட்டை வகுப்புக்கும் அதையே நிரந்தரமாக வைத்துக்கொண்டால் வாராவாரம் பிருடையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.