சூப்பர்மேனின் பிறப்புக் கதையில் எதை நம்புவது?

சூப்பர்மேன் ரசிகர்களே, கொஞ்சம் உதவுங்கள். 1938-இல் வந்த முதல் கதையின் முதல் பக்கத்தைப் படித்ததிலிருந்து ஒரே குழப்பம். விண்கலத்தில் வந்து இறங்கிய குழந்தையை வழியில் போன ஒரு வாகனக்காரர் எடுத்து அநாதை இல்லத்தில் விட்டுவிடுகிறார், அவ்வளவுதான், அவனை வளர்க்கும் கென்ட் தம்பதி அதில் வரவே இல்லை! பறக்கவும் தெரியாது, ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவுகிறார் (எனக்கென்னவோ அந்தத் தாவல்தான் பிடித்திருக்கிறது). அடுத்த ஆண்டே வளர்ப்புப் பெற்றோர் வந்துவிட்டார்கள், அப்புறம் அவர்கள் இறந்தும் போனார்கள். சரி என்று பார்த்தால், 1986-இல் காமிக்ஸ் எழுத்தாளர் ஜான் பைர்ன் திருப்பி எழுதியதில், மகன் சூப்பர்மேன் ஆன பிறகும் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்.

பெற்றோர் இறப்பது முதலில் எந்த இதழில் வந்தது? 1986-க்குப் பிறகு இந்தக் கதை மாறிய இதழ்களை எந்த வரிசையில் படிக்கலாம்? படித்தவர்கள் சொல்லுங்களேன்.