பார்க்கரைசிங்: பூச்சா, ஏற்றமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய துப்பாக்கிப் பாகங்களை வீட்டிலேயே புதுப்பிப்பது பற்றிய கையேட்டைத் தமிழாக்கும் நண்பர் 'பார்க்கரைசிங்' என்பதற்குச் சொல் கேட்டு மூன்று நாளாகிறது. இரும்புப் பாகத்தைச் சூடான பாஸ்பேட் கரைசலில் முக்கி, துருவைத் தடுக்கும் படலம் உண்டாக்கும் முறை அது. இதுவரை இழையில் வந்தவை: பார்க்கர் பூச்சு, பாஸ்பேட் முலாம், எரியகப் படலம், சாம்பற்பூச்சு. நான்கும் எனக்கு ஒட்டவில்லை. நேற்றே எழுதியிருப்பேன், மடல் நீண்டுவிடும் என்று தள்ளிப்போட்டேன். நீண்டுதான் விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பாகத்தைக் கரைசலில் முக்கி எடுக்கிறோம், மேலே ஒரு படலம் வருகிறது. இதைப் பூச்சு என்று சொல்ல என்ன தடை?

தடை இருக்கிறது ஐயா. நான் ஒருமுறை செய்து பார்த்ததைச் சொல்கிறேன். உரிமம் உள்ள பழைய ரைஃபிள் ஒன்றின் விசைக்காப்பு, அதாவது விசையைச் சுற்றி வளைந்திருக்கும் அந்தப் பட்டை. பழைய எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் எடுத்துவிட்டு, மணல் வீச்சில் சொரசொரப்பாக்கி, எவர்சில்வர் பாத்திரத்தில் மாங்கனீஸ் பாஸ்பேட் கரைசலைச் சூடாக்கினேன். தளதளவென்று கொதிக்கக் கூடாது. 90 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே, நீர் நடுங்கிக்கொண்டிருக்கும் பதத்தில் வைக்க வேண்டும். புதுக் கரைசல் என்பதால் முதலில் கொஞ்சம் இரும்பு நாரைப் போட்டுக் கரையவிட்டேன். கரைசலுக்குள் ஏற்கெனவே இரும்பு இருந்தால்தான் வேலை சீராக நடக்கும்.

கம்பியில் கட்டி விசைக்காப்பை இறக்கியதும் சோடாப் புட்டியைத் திறந்த மாதிரி நுரைத்தது. அது ஹைட்ரஜன். அமிலம் இரும்பை அரிக்கிறது, அரிக்கிற இடத்தில் அமிலத்தன்மை குறைகிறது, குறைந்த இடத்தில் கரையாத பாஸ்பேட் படிகங்கள் இரும்பின் மேலேயே முளைக்கின்றன. பரப்பு முழுக்கப் படிகம் மூடிவிட்டால் அரிக்க இரும்பு வெளியில் இல்லை, நுரை அடங்கிவிடும். கடிகாரத்தைப் பார்ப்பதைவிட நுரையைப் பார்ப்பதே மேல். எனக்குப் பதினைந்து நிமிடம் ஆயிற்று.

வெளியே எடுத்தபோது ஸ்லேட்டுப் பலகை மாதிரி மங்கலான கருஞ்சாம்பல். அலசி, எண்ணெயில் போட்டேன். காய்ந்த மண் தண்ணீரைக் குடிப்பதுபோல எண்ணெயைக் குடித்து, நிறமும் இன்னும் இருண்டது. துருவைத் தடுப்பதில் பாதி வேலை அந்த எண்ணெயுடையதுதான். படிகங்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

நான் சொல்ல வந்தது அந்தப் பாத்திரத்தைப் பற்றி. அதே கரைசலில், அதே சூட்டில், அத்தனை நேரமும் பாத்திரமும்தான் இருந்தது. அடியில் கொஞ்சம் வண்டல் தங்கியது, கழுவினால் போய்விட்டது. மற்றபடி பளபளப்பு அப்படியே. இது வெறும் பூச்சு என்றால் பாத்திரத்திலும் படிந்திருக்க வேண்டாமா? எவர்சில்வரை இந்தக் கரைசல் அரிப்பதில்லை, அதனால் அதன்மேல் எதுவும் முளைப்பதும் இல்லை. இன்னொன்று, விசைக்காப்பின் உட்புறத்தில் என் பெருவிரல் ரேகை வெளிறிய தடமாக விழுந்துவிட்டது. கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு நொடி தொட்டதன் பலன். கைப்பிசுக்கு இருந்த இடத்தில் இரும்பு கரைசலோடு சேரவில்லை, படிகமும் முளைக்கவில்லை. சுவரில் சுண்ணாம்பு பூசினால் கறையின் மேலும்தான் பூசலாம், பிறகு உதிரும் என்பது வேறு கதை. இங்கே உலோகம் தன் பங்குக்கு ஒன்றைக் கொடுத்தால்தான் படலமே உண்டு.

ஆகவே 'பூசு' என்ற வினை இங்கே பொருந்தாது. பூசுவது என்றால் வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து அப்புவது: சந்தனம், சுண்ணாம்பு, வர்ணம். முலாமும் அந்தக் கணக்குதான். உலோகத்தின் மேல் வேறொரு உலோகம் போய் உட்கார்கிறது.

நமக்கு வேறொரு வினை இருக்கிறது, தினமும் சொல்கிறோம்: ஏறு. இரும்பில் துரு ஏறுகிறது. செம்பில் களிம்பு ஏறுகிறது. துணியில் சாயம் ஏறுகிறது. ஏறுவது எதுவானாலும் ஏறப்படுகிற பொருளும் அதில் சேர்ந்துகொள்கிறது என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. தானாக நடந்தால் ஏறும், நாம் செய்தால் ஏற்றுவோம். மாறு-மாற்று, ஆறு-ஆற்று போலத் தன்வினையும் பிறவினையும் கையிலேயே இருக்கின்றன. பள்ளிப் பாடநூலில் ஆக்சிஜனேற்றம் என்று படித்துவிட்டுத்தான் எல்லாரும் வந்திருக்கிறோம். எனவே என் பரிந்துரை பாஸ்பேட்டேற்றம். வினையாக எழுதும்போது 'பாஸ்பேட் ஏற்று', 'பாஸ்பேட் ஏற்றிய விசைக்காப்பு'.

'பூத்தல்' என்றும் யோசித்தேன். உப்புப் பூத்த சுவர், நீறு பூத்த நெருப்பு... படிகம் முளைப்பதற்கு அதைவிட அழகான சொல் கிடையாது. ஆனால் 'பாஸ்பேட் பூப்பு' என்று தலைப்பிட்டால் வாசகர் மஞ்சள் நீராட்டுக்குப் போய்விடுவார். விட்டுவிட்டேன்.

மற்றவற்றைச் சுருக்கமாக: பாஸ்பரஸைக் குறிக்கும் 'எரியகம்' துப்பாக்கிக் கையேட்டில் வந்தால் வெடிமருந்து என்று யாராவது படிப்பார்கள், வேண்டாம். 'சாம்பற்பூச்சு' நிறத்தை நம்பி நிற்கிறது. துத்தநாக பாஸ்பேட் வெளிர்சாம்பல், மாங்கனீஸ் என்றால் கிட்டத்தட்டக் கறுப்பு, பழைய பாகங்கள் சிலவற்றில் பச்சைச் சாயலும் தெரியும்.

இனி பார்க்கர். ஆட்பெயரால் அமைந்த சொல்லை அப்படியே வைப்போம் என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் வழிமுறையைக் கண்டவர் பார்க்கர் அல்லர். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் 1906-இல் காப்புரிமை பெற்றார், அவர் பெயரால் 'காஸ்லெட்டைசிங்' என்ற சொல்லே புழங்கியது. பார்க்கர் குடும்பத்தார் அமெரிக்காவில் அந்த உரிமைகளை வாங்கி 1915-இல் நிறுவனம் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் எம்1 காரண்ட் ரைஃபிள்களுக்கெல்லாம் இதுவே போடப்பட்டதால் பார்க்கர் பெயர் நிலைத்துவிட்டது. வாங்கியவர் பெயரைத் தமிழும் ஏன் சுமக்க வேண்டும்? வரலாறு சொல்லும் இடத்தில் 'பார்க்கர் முறை' என்று போட்டுக்கொள்ளலாம்.

மொழிபெயர்க்கும் நண்பருக்குத் தனியாக இரண்டு சொல். சுருள்வில்களை இந்தக் கரைசலில் போடுவது பற்றிக் கையேடு எச்சரிக்கிறதா என்று பாருங்கள். ஹைட்ரஜன் புகுந்தால் கடினமான எஃகு நொறுங்கும் தன்மை பெறும். அப்புறம், முதலில் நீலமேற்றிய (ப்ளூயிங், அதாவது எஃகின் பரப்பையே நீலக்கறுப்பு ஆக்சைடாக மாற்றிய) பழம்பொருளுக்கு பாஸ்பேட் ஏற்றினால் அதைச் சேகரிப்பவர்கள் கண்ணில் மதிப்புப் போயிற்று. இந்த இரண்டையும் அடிக்குறிப்பில் ஒளிக்காமல் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அன்புடன்.

———

> என் பரிந்துரை பாஸ்பேட்டேற்றம்.

வணக்கம். வகுப்பில் வேதியியலும் அவ்வப்போது உயிரியலும் எடுப்பவன் என்ற முறையில் ஒரு முட்டுக்கட்டை. உயிரணுவுக்குள் ஒரு மூலக்கூறில் பாஸ்பேட் தொகுதி சேர்வதற்கு 'பாஸ்பரிகரணம்' என்று பழைய பாடநூல்களில் உண்டு. அந்த வடசொல் ஈற்றை மாற்ற நினைப்பவர்கள் நேராக 'பாஸ்பேட்டேற்றம்' என்றுதான் வந்து நிற்பார்கள். ஒரே சொல் இரண்டு துறையில் மோதும். 'பாஸ்பேட் படிகமேற்றம்' என்றால் சிக்கல் தீருமா?

———

ஐயா, மோதல் உண்மைதான், எனக்குத் தோன்றவில்லை. ஆனால் 'படிகமேற்றம்' நீளுகிறது. கையேட்டில் இந்தச் சொல் பக்கத்துக்கு ஐந்தாறு முறை வரும். மின்னேற்றம் மின்கலத்துக்கும் வருகிறது, முகிலுக்கும் வருகிறது, யாரும் குழம்புவதில்லை. துறை வேறு, அருகில் நிற்கும் சொற்கள் வேறு. கலைச்சொல் பட்டியலில் 'பாஸ்பேட்டேற்றம் (உலோகம்)' என்று போட்டுவிடுவோமா? முதல் முறை வரும் இடத்தில் மட்டும் உங்கள் 'படிகம்' விளக்கத்துக்குள் வந்துவிடட்டும்.

———

நண்பர்களுக்கு நன்றி. நான் 'பார்க்கர் பூச்சு' என்று நாற்பது பக்கம் அடித்துவிட்டேன், மாற்றிவிடலாம், கணினிதானே. 'பாஸ்பேட்டேற்றம் (உலோகம்)' என்றே வைக்கிறேன். ஆனால் ஒரு ஐயம்: இதே கணக்கில் ப்ளூயிங் நீலமேற்றம் ஆகிறது, சரி. 'ரஸ்ட் ப்ளூயிங்' என்ன ஆகும்? வேண்டுமென்றே செந்துரு பிடிக்கவைத்து, நீரில் அவித்துக் கறுப்பாக்கி, தேய்த்து, மறுபடி மறுபடி செய்வது.

———

செந்துருவை அவித்தால் கரிய ஆக்சைடாகிறது. எனவே 'துருவேற்றி அவித்தல்' என்று வினைத்தொடராகவே வைக்கலாம், சமையல் குறிப்பு மாதிரி இருந்தாலும் செய்முறை அதிலேயே விளங்கிவிடும். பெயராக வேண்டுமென்றால் 'துருநீலமேற்றம்'. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அவித்த பிறகு மென்கம்பித் தூரிகையால் அந்தக் கறுப்புத் தூசியை நீவி எடுப்பார்களே, 'கார்டிங்', அதற்கு எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. 'தேய்த்தல்' என்றால் அடியில் ஏறியதும் போய்விடும்போல் ஒலிக்கிறது. 'சீவுதல்' என்றால் கத்தி நினைவுக்கு வருகிறது. 'நீவுதல்' எப்படி இருக்கிறது?